பெர்சிஸ் வீட்டு ஏணி

சிரிப்பு இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது, படியில் உருண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரியே ஒன்று இருக்கிறது, ஆனால் அறுபத்தொன்று நூறாகிற வரைக்கும் பொறுக்க வேண்டும். ஆவுடையே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன அவசரம். அறுபத்தொரு சதவீதம். மொட்டைமாடிக்கு ஏறுகிற படிக்கட்டில் பன்னிரண்டாவது படி. பதினொன்றில் உட்கார்ந்தால் சிக்னல் ஒரு கோடு, பதிமூன்றில் அதுவும் கிடையாது, பன்னிரண்டில் மட்டும் மூன்று கோடு, ஏன் என்று யாருக்கும் தெரியாது, படியும் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றாக இரண்டு நிமிடம். சிமெண்டு பாவாடையைத் தாண்டிச் சுடுகிறது. கீழே அம்மா உறங்குகிறாள். அண்ணன் சொக்கலிங்கம் கறிச்சோறு தின்ற களைப்பில் வாய் திறந்து கிடக்கிறான், அவனுடைய பழைய போன், புது சிம் போட்டு வீட்டில் ஒருவருக்கும் நம்பர் கொடுக்காமல் வைத்திருக்கிறானே அந்தப் போன், இப்போது ஆவுடையின் மடியில் இருக்கிறது. எதற்கு அந்த நம்பர் என்பதும் ஆவுடைக்குத் தெரியும், அந்தப் பிள்ளையின் பேரும் தெரியும், ஆனால் இன்றைக்கு அது இல்லை விஷயம். கையில் இருக்கிற அவளுடைய சொந்தப் போனில் விளையாட்டின் புதுப் பதிப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. அது இறங்கி முடிந்ததும் ஆறு இலக்க எண் ஒன்று கேட்கும். அந்த எண் இங்கே வராது, ரெண்டு தெரு தள்ளி ஞானதுரை அங்கிள் போனுக்குப் போகும். அதே நிமிடம் ஆவுடை மடியில் இருக்கிற போனை எடுத்து அங்கிளைக் கூப்பிட்டு, அவருடைய மகள் பெர்சிஸின் குரலில், ‘அப்பா, நாந்தாம்ப்பா’ என்பாள். அங்கிள் எண்ணைச் சொல்லுவார். சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய், ‘அங்கிள், பெர்சிஸ் இன்னைக்கு ரெண்டு தரம் பேசுனாளாமே’ என்று தன் குரலில் சொல்லும்போது அந்த மனுஷன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தாலே, இல்லை, இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் தொண்டை சிரிப்பில் இளகிவிடும், இளகின தொண்டையில் பெர்சிஸ் குரல் நிற்காது. அறுபத்திரண்டு.

டைட்விக் என்று அந்த விளையாட்டுக்குப் பேர். அம்மா காதில் விழுந்த அன்றைக்கு ‘சோப்புத்தூளா ஏட்டி?’ என்று கேட்டாள். கடலுக்கு நடுவில் ஒரு தீவு, எட்டுப் பேர் சேர்ந்தது ஒரு குழு, ஆளுக்கு ஒரு வீடு, தீவில் அந்திக் கருக்கல் ஆனால் கடலுக்குள்ளிருந்து கறுப்பாக என்னவோ ஏறி வரும், எட்டுப் பேரும் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் விரட்ட வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதானாக இருந்தது ஒரு காலத்தில். பத்தாம் வகுப்பு லீவில் பெர்சிஸும் ஆவுடையும் சேர்ந்து ஆரம்பித்தபோது வீடு கட்டினால் வீடு நின்றது, விளக்கு ஏற்றினால் எரிந்தது. பிறகுதான் கம்பெனிக்காரன் கடிதம் போட ஆரம்பித்தான். ‘அன்பான தீவுவாசியே! உங்களுக்கு ஓர் உற்சாகமான செய்தி!’ எழுத்துக்கும் குரல் உண்டு, ஆவுடைக்கு அது கேட்கும், இது நகைக்கடை வாசலில் பன்னீர் தெளிக்கிற அக்காவின் குரல், பல்லெல்லாம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும், கண் மட்டும் நம் செருப்பைப் பார்க்கும். முதல் உற்சாகமான செய்தி, இனி விளக்குக்கு எண்ணெய் வேண்டும். இரண்டாவது, ஏணி இனி ஒரு நாளைக்குத்தான், விடிந்தால் உளுத்துப்போகும், உளுக்காத ஏணி எங்கள் கடையில் இந்த வாரம் மட்டும். அந்த ‘இந்த வாரம் மட்டும்’ ஒரு வருஷமாக இருக்கிறது. மூன்றாவதுதான் பெரிய உற்சாகம். ஏழு நாள் தொடர்ந்து ஒருவர் வராவிட்டால் அலை வந்து அவர் வீட்டை எடுத்துக்கொண்டு போய்விடும், குழுவில் அவர் இடமும் காலி. விளையாட்டா இது, பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸா? காய்ச்சல் வந்தால் லீவ் லெட்டர் யாருக்கு எழுதுவது, ‘மதிப்பிற்குரிய கடல் அம்மா அவர்களுக்கு’ என்றா? குழுவின் கேப்டன் மேலப்பாளையம் பிருந்தா மூன்று பக்கம் புகார் எழுதினாள், ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதினாள், ஐந்து பக்கம், அதே பதில், கமாகூட அதே இடத்தில். இப்போது நாலாவது உற்சாகம். இன்று மாலை நாலு மணிக்குள் ஒவ்வொருவரும் பதிவு செய்த போன் நம்பரைச் சரிபார்க்க வேண்டும், தவறினால் வீடு அலைக்கு. பெர்சிஸ் கணக்கு அவள் அப்பா நம்பரில் இருக்கிறது. பெர்சிஸ் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், அங்கே போனைக் கண்ணால்கூடக் காட்ட மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வார்டன் போனில் அப்பாவோடு பத்து நிமிடம், அதோடு சரி. அறுபத்தெட்டு. ஓடு, ஓடு, நாலு மணிக்கு அவள் கூப்பிடுவதற்குள் ஓடி முடி, ரெண்டு பெர்சிஸ் ஒரே நேரத்தில் ஒரு அப்பாவைக் கூப்பிட்டால் மானம் போயிடும்.

போன ஜூன் மாசம் பிளஸ் டூ படிக்க பஸ் ஏறுகிற அன்றைக்குப் பெர்சிஸ் அழவில்லை, அவள் அப்படித்தான், மூக்கை மட்டும் உறிஞ்சினாள். ‘ஏட்டி ஆவுடை, என் வீட்ட அலை எடுக்காமப் பாத்துக்கிடு’ என்றாள். ‘அது அங்க நிக்கின்னு நெனச்சுக்கிட்டே படிச்சிருவேன். மே மாசம் பரீட்ச எழுதிட்டு வந்து, நேரா அந்தக் கெணத்தடியிலதான் உக்காருவேன்.’ கிணறு வைத்த வீடு அது, தீவிலேயே கிணறு இருக்கிறது அந்த ஒரு வீட்டில்தான், சுற்றி இடுப்புயர மதில், மாடியில் ஒரு புத்தக அறை, அதில் உள்ள புத்தகம் ஒன்றிலும் எழுத்துக் கிடையாது, ஆனாலும் பெர்சிஸ் அடுக்கினாள், நிறம் பார்த்து அடுக்கினாள். நாலு மாசம் அடுக்கினாள். ‘பாத்துக்கிடுதேன், நீ போ’ என்று ஆவுடை பஸ் கண்டக்டர் குரலில் சொல்லி விசில் அடித்தாள், பெர்சிஸ் சிரித்தாள், மூச்சை உள்ளே இழுத்து ‘ஹிக்’ என்று சிரிப்பாள், அந்த ‘ஹிக்’ஓடு பஸ் போய்விட்டது. பாஸ்வேர்டு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். இதெல்லாம் இங்கே சகஜம், பாதிப் பிள்ளைகள் இப்படித்தான், ஒருத்திக்குப் பரீட்சை என்றால் இன்னொருத்தி ஆள் மாறி வருகை போடுவாள், கம்பெனிக்காரன் அட்டெண்டன்ஸ் எடுத்தால் நாங்கள் ப்ராக்ஸி கொடுக்க மாட்டோமா, எங்களுக்கா சொல்லித்தருகிறான். ஆனால் ஒரு போனில் ஒரு மாசத்துக்கு ஒரு கணக்குத்தான் திறக்கும் என்று ஒரு பூட்டுப் போட்டு வைத்திருந்தான் பாவி. ஆவுடையிடம் ஒரு போன். பெர்சிஸாகப் போனால் ஆவுடையாகப் போக முடியாது. யோசித்தாளா? யோசிக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவாள். எழுபத்தொன்று. ஏழாம் நாள் சாயங்காலம் பெர்சிஸின் உடம்பில், பெர்சிஸ் வீட்டு மாடியில் நின்றுகொண்டு, எதிரே ஆவுடை வீட்டை அலை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தாள். அழகாகத்தான் எடுத்தது, அதற்கென்று தனி சங்கீதம் போட்டிருந்தான், மணி அடிக்கிற மாதிரி. முதலில் வேலி, பிறகு கூரை. கூரையில் மாட்டிவைத்திருந்த சிவப்புப் பட்டம் கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதந்தது. ஒண்ணும் செய்யல, விளையாட்டுதானே. ஒண்ணும் செய்யல. அந்தப் பட்டம் மட்டும் ஏன் அவ்வளவு நேரம் மிதந்தது, அதை எவனோ ஒருத்தன் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இவ்வளவு நேரம் மிதக்கட்டும் என்று கணக்குப் பண்ணித்தானே வைத்திருப்பான். எழுபத்தொன்று. எழுபத்தொன்றிலேயே நிற்கிறது. ஆவுடை போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள், பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனைதான் நன்றாக எடுத்தது. எழுபத்திரண்டு.

வெறும் வருகை போதும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் பிருந்தா கேப்டன், ‘பெர்சிஸ் வாயே தொறக்க மாட்டக்கா, ஆளு உண்டா இல்லையா, இல்லன்னா எங்க சித்தி மவளுக்கு அந்த எடத்த விடச் சொல்லு’ என்று ஆரம்பித்தாள். அன்றைக்கு மைக்கைத் திறந்து, ‘ஏன் பிருந்தா, நான் என்ன செத்தா போயிட்டேன்’ என்று பெர்சிஸ் மாதிரி மூக்கால் சொல்லி, கடைசிச் சொல்லைப் பாதியில் விழுங்கி, ‘ஹிக்’ என்று ஒரு சிரிப்பும் சிரித்தாள், ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. ஆவுடைக்குக் குரல் எடுப்பது ஒரு வேலையே இல்லை. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு, ஹெட்மிஸ்ட்ரஸ், வாட்டர் டேங்க் லாரிக்காரர், அவருடைய ஹார்ன், கிறிஸ்மஸ் கேரல் ரவுண்டில் பாஸ்டர் ஐயா ஜெபிப்பதை அவர் முன்னாலேயே செய்து அவரையே ஆமென் சொல்ல வைத்தவள். எல்லாம் ஒரு நிமிடம், அதிகம் போனால் ரெண்டு நிமிடம். இது எட்டு மாசம். தினம் சாயங்காலம் அரை மணி நேரம் பெர்சிஸ். சில நாள் விளையாட்டு முடிந்து கீழே இறங்கி ‘அம்மா, காப்பி’ என்று கேட்கும்போது அது பெர்சிஸ் குரலில் வந்து விழும், அம்மா அடுப்படியிலிருந்து, ‘பெர்சிஸ் வந்திருக்காளா?’ என்று எட்டிப் பார்ப்பாள். குழுவில் ஆவுடை இடம் காலியானதும் அங்கே ஒரு புதுப் பையன் வந்து சேர்ந்தான், ‘பயனர்40917’ என்று கம்பெனி கொடுத்த பேரைக்கூட மாற்றத் தெரியாமல் வந்தவன், எல்லாரும் நாப்பதாயிரம் என்று கூப்பிட்டார்கள். நாலாப்பு படிப்பான், அஞ்சாப்பு இருந்தால் அதிகம். மைக் கிடையாது, எழுத்துத்தான். வந்ததும் ‘வணக்கம்.’ என்பான், முற்றுப்புள்ளியோடு. ‘உள்ளே வரலாமா.’ என்று கேட்டு நிற்பான், கேள்விக்குறி எங்கே இருக்கிறது என்று தெரியாது போல. குதிக்கத் தெரியாது. பெர்சிஸ் வீட்டு மதிலில் ஏறப் போய்த் தலையை இடித்துக்கொண்டு, இடித்த இடத்திலேயே கால் ஆட நடந்துகொண்டிருப்பான், சுவரைத் தள்ளிக்கொண்டு போகிற மாட்டைப் போல. ‘ஏல நாப்பதாயிரம், எல, இந்தப் பக்கம் திரும்புல’ என்று பெர்சிஸ் குரலில் கத்திக் கத்தி ஆவுடைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கடைசியில் தாங்க முடியாமல், தினமும் பத்து நிமிடம் கடற்கரையில் கோரை பிடுங்கி அவனுக்கென்று ஒரு ஏணி பின்னி மதிலில் சாத்தி வைப்பாள், விடிந்தால் அது உளுத்துப்போகும், மறுநாள் மறுபடியும் பின்னுவாள், கம்பெனிக்காரன் கடையில் வாங்கவே மாட்டாள், அது ஒரு வைராக்கியம். அவன் ஏறி வந்து சண்டைக்கும் வர மாட்டான், கிணற்றடியில் உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான், ஒன்றும் செய்யாமல். ஒரு நாள், ‘சாப்பிட்டாயா.’ என்று எழுதினான். ‘ஆச்சு, தோச’ என்றாள். ரொம்ப நேரம் கழித்து, ‘சட்னியா. சாம்பாரா.’ என்று வந்தது. பசிக்குது போல பாவம், வீட்டில் யாரும் இல்லையோ என்னவோ. ஆவுடைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் பேச்சில்லாமல் வருகை மட்டும் போட்டபோது, ‘உடம்புக்கு என்ன.’ என்று குழுவில் கேட்டது அவன் ஒருவன்தான். எவன் பெற்ற பிள்ளையோ. எண்பது. எண்பது வந்துவிட்டது.

எண்பது வந்ததும் மணியைப் பார்த்தாள். மூன்று இருபது. ஞானதுரை அங்கிள் பாங்கில் வேலை பார்க்கிறவர். பாங்கில் வேலை பார்க்கிறவர் என்றால் சும்மா இல்லை, போன ஆகஸ்டு மாசம் பள்ளிக்கூட அசெம்பிளியில் வந்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மைக்கை ரெண்டு தட்டுத் தட்டி, அரை மணி நேரம் ஒரே விஷயத்தைப் பேசினவர். ‘மாணவச் செல்வங்களே. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். பாங்கிலிருந்து பேசுகிறேன் என்பான், சொல்லாதீர்கள். போலீஸ் என்பான், சொல்லாதீர்கள். இப்போது குரலையே திருடுகிறான், பெற்ற பிள்ளை மாதிரியே பேசுகிறான். பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லாதீர்கள்.’ அன்றைக்கு மத்தியானமே ஆவுடை அதை வகுப்பில் அப்படியே செய்து காட்டினாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றுவதில் இருந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்து நிறுத்துவது வரைக்கும், பெஞ்சே குலுங்கியது. பெற்ற பிள்ளை கேட்டாலும். இப்போது அந்த மைக் தட்டுகிற சத்தம் தலைக்குள் கேட்கிறது, டொக், டொக். அவள் செய்யப்போவது அதுதானே. குரலைத் திருடி ஓடிபி கேட்பது. பத்திரிகையில் போட்டோ போட்டு, முகத்தில் துண்டைப் போட்டு மூடி, ‘பன்னிரண்டாவது படியில் கைதான பள்ளி மாணவி’. சேச்சே, பணமா கேட்கிறாள், ஒரு வீட்டைக் கேட்கிறாள், எழுத்தில்லாத புத்தகம் வைத்த வீட்டை. நேராகப் போய், அங்கிள், இப்படி இப்படி, என்று சொன்னால் என்ன? சொன்னால் அவர், ‘பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு கேம் எதுக்கும்மா’ என்பார். கணக்கை மூடச் சொல்லுவார். அவருக்கு என்ன தெரியும், போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காலையில் வேத வசனம் போட்ட படம் அனுப்புகிற மனுஷன். பெர்சிஸ் அம்மா மஸ்கட்டில் நர்ஸ், மகள் நாமக்கல்லில், அந்தப் பெரிய வீட்டில் அவர் ஒருத்தர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சாயங்காலம் ஹாலில் லைட் போடாமல் போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார், நியூஸ் பார்ப்பார் போல. அந்த மனுஷனிடம் அவர் மகள் குரலில், நாலு மணிக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரிடம், மூன்றே முக்காலுக்கு. இது சிரிப்பா? இது சிரிப்புத்தானே? பெர்சிஸ் இருந்தால் சிரிப்பாள். ‘ஹிக்’ என்பாள். எண்பத்தேழு.

டிங் என்று ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘ஆவுடை! உன் தோழி பெர்சிஸ் தீவில் உனக்காகக் காத்திருக்கிறாள். வருகிறாயா?’ கம்பெனிக்காரன். அலை எடுத்துப் போன பழைய கணக்குக்கு வாரம் ஒன்று அனுப்புவான். தீவில் இருக்கிற பெர்சிஸ் யார் என்று நினைக்கிறாய் முட்டாளே, இங்கே பன்னிரண்டாவது படியில் பின்புறம் வெந்துபோய் உட்கார்ந்திருக்கிறாளே இவள்தான் அது. பெர்சிஸ் காத்திருக்கிறாளாம். பெர்சிஸ் ‘காத்திருக்கிறேன்’ என்று பேசுகிற ஆளா, ‘வந்து தொலட்டி’ என்பாள். ஒருத்தி குரலை எடுப்பது என்றால் எட்டு மாசம் அவள் எந்த இடத்தில் மூச்சு விடுவாள் என்று நினைத்து நினைத்துப் பார்க்க வேண்டும், இவன் ஒரு பேரை எடுத்து ஒட்டிவிட்டுப் பன்னீர் தெளிக்கிறான். குரல் எடுக்கிற தொழில்காரிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பயம் கொஞ்சம் விலகியது. நீ அலையை வை, பூட்டை வை, ஏணியை உளுக்க விடு, நான் கோரை பிடுங்குவேன், நாளைக்கும் பிடுங்குவேன், மே மாசம் வரைக்கும் பிடுங்குவேன். மே மாசம் பெர்சிஸ் வந்து கிணற்றடியில் உட்காரும்போது நாப்பதாயிரம் வந்து ‘வணக்கம்.’ என்பான், அவள் ‘யார்ட்டி இது?’ என்று கேட்பாள், அந்தக் கதையைச் சொல்லவே ஒரு நாள் முழுக்க வேண்டும். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று ஆறு. கடைசியில் எப்போதும் இப்படித்தான், மாடு தொழுவத்தைக் கண்ட மாதிரி ஓடும். ஆவுடை தொண்டையைச் செருமினாள், மூக்கை ஒருதரம் உறிஞ்சிப் பார்த்தாள், ‘அப்பா’ என்றாள் மெதுவாக, படிச்சுவர் அதைப் பெர்சிஸாகவே திருப்பிக் கொடுத்தது. நூறு. மூன்று நாற்பத்து நாலு. தீவு திறந்தது, கடல் ஆடியது, நடுவில் ஆறு கட்டம், கீழே மூன்று நிமிடம் ஓட ஆரம்பித்தது. அண்ணன் போனில் நம்பரை அழுத்தினாள்.

மூன்றாவது மணியில் எடுத்தார். “ஹலோ.” “அப்பா, நாந்தாம்ப்பா.” மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். “பெர்சிஸா?” “ஆமாப்பா, வார்டன் மேடம் வேற போன்லருந்து. இன்னைக்கு வரிசய மாத்திட்டாவ.” “அப்படியா.” மறுபடியும் மின்விசிறி. ரெண்டு நிமிடம் பத்து நொடி. “சாப்பிட்டியா?” “ஆச்சுப்பா. தோச.” மத்தியானத்தில் எந்த ஹாஸ்டலில் தோசை போடுவான், ஏன் தோசை என்று சொன்னாள், வாய் தானாகச் சொல்லிவிட்டது. “சட்னியா, சாம்பாரா?” என்று கேட்டார் அங்கிள். ஆவுடைக்குள் எங்கோ ஒரு நூல் மாட்டி இழுத்தது, இதை எங்கேயோ, யாரோ, ஆனால் ஒரு நிமிடம் ஐம்பது நொடி, நூலைப் பார்க்க நேரமில்லை. “சாம்பார்ப்பா. எப்பா, ஒங்க போனுக்கு இப்ப ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும், இங்க ஸ்கூல் ஃபார்முக்குக் கேக்காவ.” சொல்லியாகிவிட்டது. டொக், டொக் என்று மைக் தட்டுகிற சத்தம் அவள் நெஞ்சுதான். அவர் மூச்சு விடுவது கேட்டது, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குவதுகூடக் கேட்ட மாதிரி இருந்தது. ஐம்பது நொடி. சொல்லிவிடலாம், அங்கிள் நான் ஆவுடை, தப்பு என் மேலத்தான், வீடு போனாப் போகட்டும் என்று சொல்லிவிடலாம், நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, பெர்சிஸ் நாக்கா ஆவுடை நாக்கா என்றே தெரியவில்லை. “எழுதிக்கிடு” என்றார். “ஏழு. பூஜ்யம். மூணு. மூணு. ஒம்பது. ஒண்ணு.” ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுத்தம். ஒவ்வொன்றாக அழுத்தினாள். பச்சையாக ஒரு டிக். கடல் பின்வாங்கியது, மதில், கிணறு, மாடி, நிறம் பார்த்து அடுக்கின புத்தகம், எல்லாம் அப்படியே நின்றது, ஒரு செங்கல் குறையாமல் நின்றது, நேற்றுப் பின்னின ஏணி மட்டும் உளுத்துக் கீழே கிடந்தது.

அத்தோடு வைத்திருக்க வேண்டும். வைக்கிற ஆளா ஆவுடை? வெற்றி தலைக்கேறி, கொஞ்சம் சீண்டிப் பார்ப்போமே என்று, மூக்கால் இழுத்து, “எப்பா, பெத்த பிள்ள கேட்டாலும் ஓடிபி சொல்லப்படாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீய, இப்ப மட்டும் டக்குனு சொல்லிட்டீய” என்றாள்.

“பெத்த பிள்ள கேட்டாத்தான சொல்லப்படாது” என்றார் அங்கிள்.

ஆவுடை பெர்சிஸ் மாதிரி ‘ஹிக்’ என்று சிரித்தாள். சிரித்த பிறகு அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். பெத்த பிள்ள கேட்டாத்தான. கேட்டாத்தான என்றால்.

“சரி, வச்சிருதேன்மா. நாலு மணிக்குப் பெர்சிஸ் கூப்பிடுவா, லைன் பிஸின்னு வந்தா பயந்துருவா.” அவர் குரலில் கோபம் இல்லை, தேடினாள், எங்கேயும் இல்லை. “போன ஜூன்ல ஒரு மெசேஜ் வந்துச்சு, ஒங்க மக கணக்க வேற போன்ல தொறந்திருக்காவன்னு. எவன்டா களவாணின்னு பிடிக்கலாம்னுதான் உள்ள வந்தேன். வந்தா எம் பிள்ள பேசுதா.” மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றியது. “அதான் அங்கனயே உக்காந்துட்டேன். ஆறரைக்கு வாரேன், என்ன? அந்த ஏணிய மட்டும் பின்னிச் சாத்தி வையி. அது இல்லாம நான் எங்க அந்த மதில்ல குதிக்க, இடிச்சு இடிச்சு நீ ஏசுத ஏச்சு, அம்மாடி.”

கிணற்றடி. முற்றுப்புள்ளி. லைட் போடாத ஹாலில் போன் வெளிச்சம். எட்டு மாசத்து ‘ஏல’.

“ஏல,” என்று வந்துவிட்டது ஆவுடை வாயிலிருந்து, யார் குரல் என்று பார்க்க நேரமில்லாமல், “ஏல, நாப்பதாயிரமா?”

“வணக்கம்” என்றார் ஞானதுரை அங்கிள்.